நிரப்பிய தொட்டி

நிரப்பிய தொட்டியை நகர்த்த முடியாது. அது தெரிந்துதான் நிரப்பினேன். "பாவம், தெரியாம செஞ்சுட்டா" என்று எனக்காக யாரும் பரிந்து பேச வேண்டாம். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், தண்ணீர் மட்டும் இருநூற்று நாற்பது லிட்டர், மணலும் கல்லும் தனி. எல்லாம் அளந்து பார்த்துத்தான் செய்தேன்.

மூக்குக் கண்ணாடிப் பட்டறையில் லென்ஸ் தேய்ப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாகிறது. அரை மில்லிமீட்டர் பிசகினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வரும் என்பதால், எதையும் இரண்டு தடவை அளக்கிற புத்தி எனக்கு. பட்டறையில் எனக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. முதுகுக்குப் பின்னால் சொல்வதாக நினைத்துக்கொண்டு காதில் விழும்படியே சொல்வார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் நேரமில்லை என்பேன். தம்பி, அவன் மனைவி, நான், மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். வீட்டுப் பத்திரத்தில் தம்பி பெயரும் இருக்கிறது, என் பெயரும் இருக்கிறது. இதைப் பதினைந்து வருஷத்தில் ஒருநாளும் நான் வாயால் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வராது என்று நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி என் அறைக்குள் வந்தான். கதவைத் தட்டிவிட்டு வருகிற பழக்கம் சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கிடையாது. கையில் அளவு நாடா. நான் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். நான் ஒருத்தி நிற்பதே தெரியாதவன் போல ஜன்னல் பக்கத்துச் சுவரை அளந்தான். இந்த முனையில் ஒரு பென்சில் கோடு, அந்த முனையில் ஒரு பென்சில் கோடு போட்டான்.

"என்னடா பண்ற?"

"மேசை போடணும்கா. சாப்பாட்டு மேசைல உக்கார வச்சுப் பேசினா கஸ்டமர் எப்படி மதிப்பாங்க?"

அவன் காப்பீட்டு முகவர். ஹாலில்தான் அவன் ஆபீஸ். காலையிலிருந்து ஆட்கள் வருவார்கள், போவார்கள். "ஒரு டீ", "ரெண்டு டீ", "ஒரு சொம்பு தண்ணி" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பான்.

"மேசை இங்க வந்தா நான் எங்க போறது?"

"ஹால் ஓரமா பீரோவை மறைப்பா வச்சு உனக்குக் கட்டில் போட்டுத் தர்றேன். ரெண்டே மாசம். வேற இடம் பார்த்துடுவேன்."

"ரெண்டு மாசம்னு சொல்லித்தான் உடம்பு இளைக்க மிதிக்கிற அந்த சைக்கிளை ஹால்ல வச்ச. நாலு வருஷமா அதுல துண்டுதான் காயுது."

"நீ காலைல போனா சாயந்தரம்தானே வர்ற. ரூம் சும்மாதானே கிடக்கு!"

சும்மா கிடக்கிறதாம். இந்த ஒரு வார்த்தையில் எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறிவிட்டது. நாள் முழுக்க எந்திரத்தின் முன்னால் குனிந்து கிடந்துவிட்டு வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, ஜன்னல் ஓரமாகக் காலை நீட்டி உட்காருகிற அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் வீட்டுக்கே வருகிறேன். தம்பி மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எப்போதுமே ஒன்றும் சொல்ல மாட்டாள். அவளும் இதற்கு உடந்தை என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அன்றைக்கு மத்தியானம் துணி துவைக்கிற இடத்துக்குப் போனபோது அந்தக் கண்ணாடித் தொட்டி கண்ணில் பட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் தம்பி ஆசையாக வாங்கி, இரண்டு வாரம் மீன் வளர்த்து, கைகழுவிவிட்ட தொட்டி. அதற்குள் துணிக் கிளிப், பழைய செய்தித்தாள், கம்பி உடைந்த குடை, அடியில் கண்ணைப் பறிக்கிற நீலக் கல், மூடி திறந்து மூடுகிற ஒரு பிளாஸ்டிக் புதையல் பெட்டி எல்லாம் கிடந்தன.

"இது யாருக்காவது வேணுமா?" என்று உரக்கக் கேட்டேன்.

"எடுத்துக்கோக்கா, இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு" என்றான் தம்பி ஹாலிலிருந்து. அவன் வாயாலேயே சொன்னான். எனக்கு அது போதும்.

வளர்ப்பு மீன் விற்கிற கடைக்காரர் ஒருவர் எங்கள் பட்டறைக்குப் போகிற வழியில் இருக்கிறார். வலது கைச் சட்டை முழங்கை வரைக்கும் எந்நேரமும் நனைந்தே இருக்கும். நான் அளவைச் சொன்னதும் அவர் முதலில் கேட்டது மீனைப் பற்றி இல்லை.

"எங்கம்மா வைக்கப் போறீங்க?"

"என் ரூம்ல."

"மூணு நாள் நல்லா யோசிங்க. தண்ணி ஊத்தின பிறகு தொட்டியை நகர்த்தக் கூடாது. ஒரு பக்கம் தூக்கினாக்கூட அடிக் கண்ணாடி விட்டுடும். அப்புறம் ரூமை மாத்தலாம், தொட்டியை மாத்த முடியாது."

"அதைத்தான் கேக்க வந்தேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

மூன்று நாளெல்லாம் யோசிக்கவில்லை. இரும்பு ஸ்டாண்டை இரண்டு பென்சில் கோடுகளுக்கும் நடுவே, இந்தக் கோட்டைத் தொடுகிற மாதிரியும் அந்தக் கோட்டைத் தொடுகிற மாதிரியும் போட்டேன். ரசமட்டம் வைத்துச் சமம் பார்த்து, மேலே தெர்மாகோல் விரித்து, அதன்மேல் தொட்டி. தம்பி எட்டிப் பார்த்து, "பூ ஜாடி வைக்கவா?" என்று சிரித்தான். காலி கண்ணாடியைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. கோடுகளை அவன் கவனிக்கவில்லை.

தொட்டி அலங்காரம் என்றால் கையில் கிடைத்ததையெல்லாம் உள்ளே போடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் அந்த நினைப்பைக் காறித் துப்பாத குறையாகத் திருத்தினார். மணலைத் தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலச வேண்டும். நான் பதினெட்டுத் தடவை அலசினேன். பின்பக்கம் உயரமாகவும் முன்பக்கம் தாழ்வாகவும் பரப்பினால்தான் உள்ளே ஆழம் தெரியும். பெரிய கல்லை நட்டநடுவில் வைக்கக் கூடாது, மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைக்க வேண்டும். கல் எடுக்கும்போது ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பார்க்க வேண்டும். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், தண்ணீரைக் கெடுத்துவிடும். நான் ஆசைப்பட்டுப் பொறுக்கிய வெள்ளைக் கல் ஐந்தும் நுரைத்தன. ஐந்தையும் தூக்கி எறிந்தேன். கறுப்புக் கல் நான்கு தேறின. வளைந்து முறுக்கிய ஒரு மரவேரை வாங்கி, வீட்டிலேயே பெரிய பாத்திரத்தில் போட்டு வேகவைத்தேன்.

தம்பி மனைவி பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "இது என்ன அக்கா?"

"மரம்."

"மரத்தையா வேகவைக்கிறீங்க? உப்புப் போட்டாச்சா?"

அவள் கிண்டல் செய்து நான் கேட்டதே இல்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். எதிரி முகாமில் இருக்கிறவளோடு சிரித்துவைத்தால் என் வீராப்பு என்னாவது?

சாயந்தரம் அறை வாசலில் வந்து நின்று இன்னொன்று கேட்டாள். "அந்தப் பொட்டி வைக்கலையா? மூடி திறந்து திறந்து மூடுமே. நான்தான் அப்ப கடைல ஆசையா எடுத்தேன்."

"அதை வச்சா தொட்டியா இருக்காது, பொம்மைக் கடையா இருக்கும்" என்றேன். வெடுக்கென்றுதான் சொன்னேன். அவள் சரி என்று போய்விட்டாள்.

மணல்மேல் ஒரு தட்டை வைத்து, தட்டின்மேல் தண்ணீரை ஊற்றினால் மணல் கலையாது. வாளி வாளியாக, சனிக்கிழமை முழுக்க ஊற்றினேன். இடுப்பு கழன்றுவிட்டது. கடைசி வாளியை ஊற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தபோது, இந்த வீட்டில் என்னை இனி ஒருத்தனும் அசைக்க முடியாது என்று தோன்றியது. சந்தோஷமாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

மறுநாள் தம்பிக்கு விஷயம் உறைத்தது. சுவரையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அக்கா, இங்கதானே மேசை போடணும்னு சொன்னேன்!"

"எடுத்துக்கோன்னு சொன்ன. எடுத்துக்கிட்டேன்."

"தொட்டியை எடுத்துக்கச் சொன்னேன். சுவரையா எடுத்துக்கச் சொன்னேன்? கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கலாமா?"

"தள்ளிப் பாரேன்."

தள்ளியும் பார்த்தான். மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் மீன் விடவில்லை. புதுத் தண்ணீர் பழக வேண்டும். வேரில் கட்டிய செடி துளிர் விட வேண்டும். கறுப்பு நூலால் செடியை மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். மரத்தின் சாயம் இறங்கித் தண்ணீர் தேநீர் நிறமாகிவிட்டது. "சாக்கடைக்குக் காவல் இருக்கியா?" என்றான் தம்பி. வருகிற கஸ்டமரிடமெல்லாம், "எங்கக்கா தண்ணி வளர்க்குது" என்று சொல்லிச் சிரித்தான். சில மீனுக்கு அந்த நிறம்தான் பிடிக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஒரு மாதம் கழித்து ஆறு நியான் மீன் வாங்கி விட்டேன். அந்தப் பழுப்புத் தண்ணீரில் நீலமும் சிவப்புமாக அவை திரும்பியபோது அறைக்குள் விளக்கே தேவைப்படவில்லை.

தினமும் காலையில் ஒரு சிட்டிகை இரை. அவ்வளவுதான். அளந்துதான் போடுவேன், நான்தான் பூதக்கண்ணாடி ஆயிற்றே. அப்படியும் மூன்றாவது வாரம் தண்ணீர் அரிசி கழுவின மாதிரி வெளுத்துக் கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. இரை டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு மாதம் வர வேண்டியது, பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. மணலில் தின்னாத இரை பூசணம் பிடித்துக் கிடந்தது.

எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நேரே சாப்பாட்டு மேசைக்குப் போனேன். தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இரையைக் கொட்டி மீனைச் சாகடிக்கப் பார்க்கிறியா? இதைவிட நேரா வந்து கல்லால கண்ணாடியை உடைச்சிருக்கலாம்டா!"

"எனக்கு வேற வேலை இல்லையா? நான் அந்தப் பக்கமே வர்றதில்ல."

"பொய் சொல்லாத. கலங்கின தண்ணி தானா கலங்குமா?"

"சத்தியமா இல்லக்கா!"

தம்பி மனைவி அடுப்படியில் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கிற சத்தம் நின்று, பிறகு மறுபடி கேட்டது. நான் அதைக் கேட்டேன், கண்டுகொள்ளவில்லை. கோபம் வந்தால் எனக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது.

இரண்டு மீன் செத்தன. கால்வாசித் தண்ணீரை மாற்றி, இரண்டு நாள் பட்டினி போட்டு மற்ற நான்கையும் காப்பாற்றினேன். டப்பாவை எடுத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். தம்பிக்கு அது நல்ல சாக்காகப் போயிற்று. "பார்த்தியா, அதுங்களுக்கே இங்க பிடிக்கல. வியாழக்கிழமை ஆசாரி வர்றார். தண்ணியை இறைச்சுட்டு, மிச்சத்தைக் கடைக்காரர்கிட்டயே குடுத்துடலாம்."

"என் பிணத்தைத் தாண்டித்தான் மேசை வரும்."

"வீட்டுல எதுக்குக்கா இந்த மாதிரிப் பேச்செல்லாம்?" என்றான், ரொம்ப நல்லவன் மாதிரி.

வியாழக்கிழமை விடுப்பு கேட்டேன், முதலாளி தரவில்லை. நான் இல்லாதபோது தொடமாட்டான் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு போனேன். பதினொரு மணிக்குப் போன் வந்தது. தம்பி மனைவி. இத்தனை வருஷத்தில் அவள் என் வேலை நேரத்தில் கூப்பிட்டதே இல்லை.

"அக்கா, உடனே வாங்க" என்றாள் கிசுகிசுப்பாக. வைத்துவிட்டாள்.

எந்திரத்தை அணைத்தேன். "எங்க கிளம்பிட்ட?" என்று முதலாளி கேட்டதற்கு, "வீட்டுக்கு. பிடிச்சா வேலைல வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தம்பியைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஹாலில் ஆசாரி தன் கருவிப்பெட்டிமேல் உட்கார்ந்து, தனக்கும் இந்த வீட்டுக்கும் சம்பந்தமில்லை என்பது போல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் அறைக் கதவு சாத்தியிருந்தது. தம்பி அதை இரண்டு கையாலும் இடித்துக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் பழுப்புத் தண்ணீர்.

"திறடி! யார் முன்னாடி மானத்தை வாங்குற?"

"அக்கா வரட்டும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஆசாரிதான் நடந்ததைச் சொன்னார். தம்பி துணி துவைக்கிற எந்திரத்தின் குழாயைக் கழற்றி வந்து, ஒரு முனையைத் தொட்டியில் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சியிருக்கிறான். மீன் வளர்க்கிறவர்கள் அப்படித்தான் தண்ணீர் எடுப்பார்கள். ஆனால் எப்போது வாயை எடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். இவன் ஒரு வாய் நிறைய விழுங்கிவிட்டான். வாந்தி வருகிறதென்று குளியலறைக்கு ஓடியிருக்கிறான். திரும்பி வருவதற்குள் தம்பி மனைவி குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, உள்ளே நின்று தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

"நான்தான், திற" என்றேன்.

கதவு திறந்தது. தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு இறங்கித் தரையெல்லாம் பரவியிருந்தது. நான்கு மீனும் வேருக்கடியில் ஒண்டிக்கொண்டிருந்தன. தம்பி மனைவி ஸ்டாண்டை ஒட்டி நின்றாள். அவள் முழங்கை நனைந்திருந்தது.

"அக்கா, அந்த ரெண்டு மீன் செத்தது என்னாலதான்" என்றாள் முதல் வார்த்தையாக. "மத்தியானம் இவர் வெளிய போனதும் நான் இங்க வந்து உக்காருவேன். என்னைப் பார்த்ததும் எல்லாம் கண்ணாடிகிட்ட வரும். பசின்னு நினைச்சு நானும் போட்டேன். நீங்க காலைல போட்டது எனக்குத் தெரியாது."

ஒரு தொட்டிக்கு இரண்டு பேர், ஒருத்திக்குத் தெரியாமல் இன்னொருத்தி. நான் தம்பியை அவ்வளவு பேச்சுப் பேசியதை நினைத்து முகம் சுட்டது. ஆனால் மன்னிப்புக் கேட்க அது நேரமில்லை. அவன் உள்ளே வந்துவிட்டான்.

"ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டீங்களா? ஒரு மேசை போடறதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? நான் என்ன அக்காவை வெளியவா போகச் சொன்னேன்?"

"ஓரமா போகச் சொன்ன. அது போதாதா?" என்றேன். "பத்திரத்துல என் பேரும் இருக்கு. பதினஞ்சு வருஷமா நான் சொன்னதில்ல, இப்ப சொல்ல வச்சுட்ட. இது என் ரூம். தர மாட்டேன். ரெண்டு மாசத்துக்கும் இல்ல, ரெண்டு நாளைக்கும் இல்ல."

அவன் மனைவி பக்கம் திரும்பினான். "இவங்க ரூமுக்கு இவங்க சண்டை போடுறாங்க. உனக்கு என்ன வந்துச்சு?"

"அவங்க ரூம் போச்சுன்னா நான் எங்க உக்காருவேன்?"

"நீ எதுக்கு இங்க உக்காரணும்? முழு வீடும் உன்னுதுதானே?"

"முழு வீடும் என்னுதுதான்" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "உக்கார இடம்தான் இல்ல. எங்க உக்காந்தாலும் 'ஒரு டீ'ன்னு குரல் குடுப்பீங்க. நம்ம ரூம்லயும் தாழ்ப்பாள் இருக்கு. போட்டா, ஏன் போட்டேன்னு கேப்பீங்க. இங்க அரைமணி நேரம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. இந்த மீனுக்கு டீ வேண்டாம்."

ஹாலில் ஆசாரி இருமினார். என் ஒருத்தியின் இடத்தைத்தான் பறிக்கிறார்கள் என்று இரண்டு மாதமாக ஒற்றைக்காலில் நின்றேன். பறிகொடுப்பதற்குக்கூட இடமில்லாத ஒருத்தி அடுத்த அறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஆசாரி" என்று கூப்பிட்டேன். "ஹால்ல அந்த சைக்கிளைத் தூக்கிட்டா எவ்வளவு இடம் வரும்?"

அவர் நாடாவை இழுத்தார். "அஞ்சடி வரும்மா. மேசை தாராளமா போடலாம்."

"போடுங்க. பக்கத்துல ஃபிளாஸ்க் வைக்க ஒரு தட்டும் அடிங்க. வர்றவங்களுக்கு இவனே டீ ஊத்திக் குடுப்பான்."

தம்பி என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தன் சட்டையில் வழிந்த பழுப்புத் தண்ணீரைப் பார்த்தான். பிறகு போய்ச் சைக்கிள்மேல் காய்ந்த துண்டை எடுத்தான்.

நானும் தம்பி மனைவியும் தண்ணீர் நிரப்பினோம். ஒரே நாளில் அவ்வளவு புதுத் தண்ணீர் ஊற்றினால் மீன் தாங்காது என்பதால், தெளியவிட்டு வைத்திருந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நாள் ஊற்றினோம். அவள் தட்டைப் பிடித்துக்கொண்டாள், நான் ஊற்றினேன். இரை டப்பாவைக் கைப்பையிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"இனிமே நீதான் போடணும். மத்தியானம் ஒரு சிட்டிகை. நான் போட மாட்டேன்."

"சிட்டிகைன்னா எவ்வளவுக்கா?"

காட்டினேன். அவள் அதில் பாதி எடுத்தாள். "அவ்வளவு பயப்பட வேண்டாம்" என்றேன்.

மூன்றாம் நாள் கடைசிச் சொம்பை ஊற்றிவிட்டு, துணி துவைக்கிற இடத்துக்குப் போய் அந்தப் புதையல் பெட்டியைத் தேடி எடுத்து வந்தேன். தேய்த்துக் கழுவினேன். வேருக்கு வலப்பக்கம், கறுப்புக் கல்லை ஒட்டி, மூடி முன்பக்கம் திறக்கிற மாதிரி வைத்துக் காற்றுக் குழாயைச் சொருகினேன். மூடி திறந்து ஒரு குமிழி விட்டது, மூடியது. மறுபடி திறந்தது. என் கண்ணுக்கு அது இன்னும் அசிங்கம்தான். தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு இரண்டு பேரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தோம். ஹாலில் யாரோ வந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, கதவை யாரோ ஒற்றை விரலால் தட்டினார்கள். இந்த வீட்டில் என் கதவை அப்படித் தட்டி நான் கேட்டதே இல்லை. மறுபடி இரண்டு தட்டு.

"அக்கா..." தம்பியின் குரல். "ஃபிளாஸ்க் மூடி எங்க இருக்குன்னு கேக்கணும். உள்ள வரலாமா?"

தம்பி மனைவி பழக்கதோஷத்தில் எழுந்திருக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"இரு" என்றேன் கதவைப் பார்த்து. "மீன் பார்த்துக்கிட்டிருக்கோம்."